துன்பத்தை நேர்மறை எண்ணத்தால் தாண்டிவிட முடியுமா?

'எல்லாம் நன்மைக்கே என்று நம்பினால் துன்பம் விலகிவிடுமா?' என்று பலர் கேட்கிறார்கள். விலகாது. சிறிது காலம் கண்ணில் படாமல் இருக்கும், அவ்வளவுதான்.

வேலை பறிபோனதையோ, உறவு முறிந்ததையோ, நெருங்கியவரின் மரணத்தையோ எதிர்கொள்ளாமல், தியானத்தையும் இனிய வாசகங்களையும் திரையாக இழுத்துவிட்டுக்கொள்வதை ஆன்மிகத் தப்பித்தல் எனலாம். அமெரிக்க உளவியலாளர் ஜான் வெல்வுட் 1984-இல் இந்தப் போக்கை அடையாளம் காட்டினார். அவரே பௌத்தத் தியானத்தில் ஊறியவர். ஆகவே இதை வெளியாரின் ஏளனம் என்று ஒதுக்க முடியாது.

ஏன் இது பலிப்பதில்லை? அடக்கிய எண்ணம் அழிவதில்லை. 1987-இல் வெளியான, உளவியலாளர் டேனியல் வெக்னர் குழுவினரின் சோதனையில், வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது என்று சொல்லப்பட்டவர்களால் அதைத் தவிர்க்க முடியவில்லை. பிறகு நினைக்கலாம் என்று அனுமதித்தபோது, முதலிலேயே நினைக்க விடப்பட்டவர்களைவிட அதிகமாக அவர்கள் அதை நினைத்தார்கள்.

சொத்தைப் பல்லுக்கு வலி மாத்திரை மட்டும் போட்டுக்கொள்வது போன்றது இது. வலி தணியும், சொத்தை வேரை நோக்கி இறங்கிக்கொண்டே இருக்கும்.

எனக்குக் கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. 'உன் எதிர்மறை எண்ணம்தான் நோயை வரவழைத்தது' என்று நோயாளியிடமே சொல்கிறார்கள். படுத்துக் கிடப்பவர் மீது பழியையும் சுமத்துவது கொடுமை.

இதைப் படித்துவிட்டுப் பிரார்த்தனையும் தியானமும் வீண் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்; தியானம் செய்துவிட்டு மருத்துவரையும் பார்க்கிறவர்களை, கடன் கொடுத்தவரிடம் நேரில் பேசுகிறவர்களை இந்த விமர்சனம் தொடாது.