கடலோர வீட்டின் யு.பி.வி.சி. ஜன்னல்: கதவு தொங்கினால் கீலைப் பாருங்கள்

கேள்வி: கீழக்கரையில் கடலுக்கு மிக அருகில் எங்கள் வீடு இருக்கிறது. கட்டி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மாடியில் தெற்குப் பார்த்த யு.பி.வி.சி. ஜன்னல்களின் கதவுகள் கைப்பிடிப் பக்கம் இறங்கி அடிச்சட்டத்தில் உரசுகின்றன. திறந்து வைத்தால் நிற்காமல் காற்றில் அறைந்துகொள்கின்றன. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று சொல்லிப் போட்ட கீல்களில் பழுப்புக் கறை தெரிகிறது. ஜன்னலையே மாற்ற வேண்டும் என்கிறார் பொருத்தியவர். கீலை மட்டும் மாற்ற முடியாதா?

பதில்: முடியும். சட்டத்தின் மூலை இணைப்பு விரிசல் விட்டிருந்தாலோ சட்டமே வளைந்திருந்தாலோ ஒழிய, முழு ஜன்னலையும் கழற்ற வேண்டிய தேவை இல்லை. யு.பி.வி.சி. என்பது கடினமான பிளாஸ்டிக், அதற்கு உப்புக்காற்றால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. அதில் பொருத்திய உலோகம்தான் தேய்கிறது. ஆயினும் கதவு இறங்குவதற்குக் கீல் ஒன்றே காரணம் என்று எடுத்த எடுப்பில் முடிவு செய்துவிடக் கூடாது.

கதவைப் பாதி திறந்து, கைப்பிடிப் பக்கத்தின் அடிவிளிம்பைப் பிடித்து மெதுவாக மேலே தூக்கிப் பாருங்கள். ஃப்ரிக்‌ஷன் ஸ்டே என்று கடைகளில் கேட்டு வாங்கும் அந்தப் பட்டைக் கீலின் கைகளை இணைக்கும் ரிவெட்டுகளில் ஆட்டம் தெரிந்தாலோ, சட்டத்தில் முடுக்கிய நீளப்பட்டையான ட்ராக்கில் நகரும் பிளாஸ்டிக் கட்டை உடைந்திருந்தாலோ கீல் தேய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். ஆட்டமே இல்லாமல் கதவு இறங்கியிருந்தால், கதவின் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து பாருங்கள். சில மில்லிமீட்டர் வேறுபாடு வந்தால், கண்ணாடியைத் தாங்கும் பேக்கர்கள் என்னும் சிறு பிளாஸ்டிக் துண்டுகள் இடம் நழுவியிருக்கின்றன என்று பொருள். அவை கீல் பக்கத்தின் அடியிலும் கைப்பிடிப் பக்கத்தின் மேலுமாகக் குறுக்கே அமைந்தால்தான் கண்ணாடியின் எடை கதவைத் தூக்கிப் பிடிக்கும். கண்ணாடியைப் பிடித்திருக்கும் உள்பக்கப் பட்டியை (பீடிங்) கழற்றி அவற்றைச் சரிசெய்தால் போதும், புதுக்கீல் வாங்கும் செலவு மிச்சம். காலையில் தாராளமாக மூடும் கதவு நண்பகலில் மட்டும் உரசினால் அது வெயில் செய்யும் வேலை: வெப்பம் 20 டிகிரி கூடினால் நான்கடி நீள யு.பி.வி.சி. சட்டம் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் வரை நீளக்கூடும்.

கதவு நிற்காமல் அறைவதற்கு, முதலில் ட்ராக்கில் நகரும் கட்டையில் உள்ள சிறிய பித்தளைத் திருகைப் பாருங்கள். மேல் கீல், கீழ் கீல் இரண்டிலும் அதைச் சம அளவில் கால் சுற்று முடுக்கினால் பிடிப்பு திரும்பலாம். முடுக்கியும் பயனில்லையெனில் கட்டை தேய்ந்துவிட்டது.

பழுப்புக் கறையைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். பல வீடுகளில் முதலில் துருப்பிடிப்பது கீல் அன்று, அதை முடுக்கிய துத்தநாகப் பூச்சுத் திருகாணி. அதன் தலையிலிருந்து வழியும் துருநீர் கீலின் மேல் படிந்து, கீலே துருப்பிடித்ததுபோல் தோன்றும். ஈரத்துணியால் துடைத்தால் கறை போய்விட்டுத் திருகாணித் தலையைச் சுற்றி மட்டும் மீண்டும் வருமானால் குற்றவாளி திருகாணிதான். துடைத்த பின்னும் பட்டையில் சிறு சிறு குழிகள் தெரிந்தால் கீலின் எஃகே அரிக்கப்படுகிறது. அப்போது ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். உறுதியாக ஒட்டினால் அது 430 என்னும் மலிவான ரகம். உள்நாட்டு ஊர்களுக்குப் பரவாயில்லை, கடலோரத்துக்கு ஆகாது. 304, 316 ரகங்களில் காந்தம் ஒட்டாது, அல்லது வளைத்த இடங்களில் இலேசாக இழுக்கும். இந்த இரண்டையும் காந்தத்தால் பிரித்தறிய முடியாது என்பதால், 316 என்று விற்கும் கடைக்காரரிடம் ரகத்தைப் பில்லில் எழுதி வாங்குங்கள். 316இல் 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் சேர்ந்திருப்பதே உப்பின் குளோரைடைத் தாங்கும் வலிமையை அதற்குத் தருகிறது. 2025இல் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தில் கான்கிரீட் கம்பிக்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பதைக் கொண்டு இந்தக் காற்றின் கடுமையை மதிப்பிடலாம்.

தெற்குப் பார்த்த ஜன்னல்கள் முதலில் கெட்டதற்கும் காரணம் உண்டு. மே முதல் செப்டம்பர் வரை மன்னார் வளைகுடாவிலிருந்து வீசும் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று உப்புத் துகள்களைக் கொண்டுவந்து படியவைக்கிறது. நம் இராமநாதபுரம் மாவட்டத்தில் அந்த மாதங்களில் அதைக் கழுவும் அளவுக்கு மழை இல்லை. தொண்டி, தேவிபட்டினம் போன்ற பாக் நீரிணைப் பக்க ஊர்களில் வாடைக்காற்று உப்போடு மழையையும் சேர்த்தே கொண்டுவருகிறது. அங்கேயும்கூடக் கீல் சட்டத்தின் பள்ளத்துக்குள் ஒளிந்திருப்பதால் மழைநீர் அதை முழுதாகக் கழுவுவதில்லை. கடலுப்பில் உள்ள மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை எளிதில் இழுத்துக்கொள்வதால், பார்வைக்கு உலர்ந்த கீலின் மேலும் உப்புநீர்ப் படலம் ஒன்று இருந்துகொண்டே இருக்கும். இவற்றோடு நாமே செய்யும் கேடு ஒன்றும் உண்டு: வீட்டு வேலை முடியும் தறுவாயில் தரையின் சிமென்ட் கறையைப் போக்க ஊற்றும் டைல்ஸ் ஆசிட்டின் ஆவி. ஜன்னலைப் பொருத்திய பிறகு ஆசிட் ஊற்றினால் நல்ல எஃகும் சில நாளில் பழுக்கும். கிரில் வெட்டும்போது பறக்கும் இரும்புப் பொறியும் அப்படித்தான்.

புதுக்கீல் வாங்கும்போது ரகத்தோடு நீளம், உயரம், வகை ஆகியவையும் பொருந்த வேண்டும். ட்ராக்கை முனை முதல் முனை வரை அளந்தால் நீளம் கிடைக்கும். பக்கவாட்டில் திறக்கும் கதவுகளில் 12, 16 அங்குலம் பரவலாகக் காணப்படும். பெரும்பாலோர் தவறுவது உயரத்தில். கீலை முழுதாக மடக்கினால் வரும் கனம் வழக்கமாக 13 மி.மீ. அல்லது 17 மி.மீ. இருக்கும். 13 வேண்டிய இடத்தில் 17 போட்டால் கதவு மூடாது. 17 வேண்டிய இடத்தில் 13 போட்டால் கதவு சரியாக உட்காராமல் தொங்கும். பழைய கீலைக் கழற்றாமலே இதை அறிய, பிள்ளைகள் விளையாடும் களிமண்ணில் ஓர் உருண்டையைக் கீல் பள்ளத்தில், கீல் இல்லாத இடத்தில் ஒட்டிவைத்துக் கதவை மூடித் திறந்து, நசுங்கிய கனத்தை அளந்து பாருங்கள். மேல்விளிம்பில் தொங்கி, கீழ்ப்பக்கத்தை வெளியே தள்ளித் திறக்கும் கதவுக்குரிய கீல் பக்கவாட்டுக் கதவுக்குப் பொருந்தாது. ஒரு கதவுக்கு வலம், இடம் என ஒரு ஜோடி வேண்டும், இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

பொருத்தும் வேலையைத் தரைத்தளத்தில் நீங்களே ஓர் ஆள் துணையோடு செய்யலாம். மாடியில் வேண்டாம் என்பதே என் கருத்து. உள்ளே கிரில் இருப்பதால் வெளிப்பக்கம் திறக்கும் கதவின் கீலை எட்டச் சாரம் கட்ட வேண்டியிருக்கும். இரண்டடிக்கு நான்கடிக் கதவில் 5 மி.மீ. கண்ணாடி மட்டுமே ஏறக்குறைய 9 கிலோ. யார் செய்தாலும் கதவைக் கயிற்றால் கிரிலோடு கட்டிவிட்டு, பழைய ட்ராக்கின் இரு முனைகளையும் பென்சிலால் குறித்த பின்னரே திருகாணியைத் தொடச் சொல்லுங்கள். அந்தக் குறி தவறினால் கதவு மறுபடியும் உரசும். பழைய துளைகள் அகன்றிருந்தால் சற்றுத் தள்ளிப் புதுத்துளை இட்டு, சட்டத்தின் உள்ளே உள்ள இரும்புக் குழாய் வரை திருகாணி இறங்குமாறு செய்ய வேண்டும். 316 திருகாணி அந்த இரும்பைத் தானாகத் துளைக்காது, முன்கூட்டியே டிரில் செய்தாக வேண்டும். தலை தட்டையாக இல்லாத திருகாணி கீலின் கையில் இடிக்கும். துளைக்குள் சிறிது நியூட்ரல் சிலிக்கான் (அமிலம் இல்லாத அடைப்புப் பசை) வைத்து முடுக்கினால் உப்புநீர் இரும்புக் குழாயை எட்டாது. வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கானை வாங்காதீர்கள், அதன் அமிலமே உலோகத்தை அரிக்கும்.

அதன்பின் கச்சான் வீசும் மாதங்களில் இரு வாரத்துக்கு ஒரு முறை கீலை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து உலரவிட்டு, ரிவெட்டுகளில் மட்டும் ஒரு சொட்டு மெஷின் ஆயில் விடுங்கள். நகரும் கட்டையில் எண்ணெய் பட்டால் பிடிப்பு போய்விடும். தேங்காய் எண்ணெய் மணலைச் சேர்த்துப் பிசினாகிவிடும். அடிச்சட்டத்தின் வடிகால் துளைகளில் அடைத்த மணலையும் அப்போதே குத்தி எடுத்துவிடலாம். வடக்குப் பார்த்த ஜன்னல்களில் ஆட்டமோ குழியோ இல்லையெனில் கீல்களை இப்போது மாற்ற வேண்டியதில்லை, அவற்றின் திருகாணிகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கழற்றி 316க்கு மாற்றிவிடுங்கள்.