குண்டலினி என்றார் ஆலோசகர், பைத்தியம் என்றார் கணவர்

கேள்வி: எனக்கு வயது 36. நான்கு மாதங்களுக்கு முன் பத்து நாள் மௌனத் தியான முகாமுக்குச் சென்று வந்தேன். அதிலிருந்து முதுகுத்தண்டில் சூடு ஏறுகிறது. காரணமின்றிக் கண்ணீர் வருகிறது. சில வேளைகளில் சொல்ல முடியாத ஆனந்தம். தூக்கம் நான்கு மணி நேரமாகக் குறைந்துவிட்டது. கணவர் ‘இது பைத்தியத்தின் ஆரம்பம்’ என்கிறார். என் மனநல ஆலோசகரோ, ‘முதுகுத்தண்டின் அடியில் உறங்கும் குண்டலினி சக்தி எழுந்துவிட்டது. டாக்டரிடம் போகாதீர்கள். என் குருவிடம் தீட்சை வாங்குங்கள். வீட்டில் சொல்ல வேண்டாம்’ என்கிறார். யாரை நம்புவது?
- வாசகி, கோவை

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கலங்கவைத்தது முதுகுச் சூடு அல்ல, ‘வீட்டில் சொல்ல வேண்டாம்’ என்ற சொல்தான். ரகசியம் காப்பது ஆலோசகரின் கடமை. நீங்கள் யாரிடம் பேசலாம் என்று தடுக்க அவருக்கு உரிமை கிடையாது. தன் குருவிடம் அழைத்ததும் தவறு. மனம் இளகியிருக்கும் நேரத்தில், கட்டணம் வாங்கிச் சிகிச்சை தருபவரே வழிகாட்டியாகவும் ஆகிவிட்டால், ‘வேண்டாம்’ என்று சொல்ல உங்களுக்கு எங்கே இடம் இருக்கும்?

உங்கள் அனுபவம் தெய்வீகமா, நோயா என்று தீர்ப்புச் சொல்வது சிகிச்சையாளரின் வேலையே அல்ல. கணவருக்கும் இதையே சொல்வேன். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1994இல் வெளியிட்ட வகைப்பாட்டு நூலிலேயே, ஆன்மிகச் சிக்கல்களை மனநோயாகக் கருதாமல், கவனம் தேவைப்படும் நிலையாகத் தனியே குறித்தார்கள். ஒருவரின் சமய நம்பிக்கை சுற்றியுள்ளவர்களோடு ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து மனநோய் என்று முடிவு கட்டக் கூடாது என்று நமது 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டமும் சொல்கிறது.

அதற்காக உடலை மறந்துவிட முடியாது. 1896இல் மதுரையில் மரண அனுபவம் பெற்ற சிறுவன் வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி, திருவண்ணாமலை பாதாள லிங்கக் குகையில் தன்னை மறந்து அமர்ந்திருந்தபோது பூச்சிகள் கடித்துத் தொடைகள் புண்ணாயின. சேஷாத்திரி சுவாமிகள் காவல் நின்றார். பிறர் வெளியே தூக்கி வந்தார்கள். வாயில் உணவு ஊட்டினார்கள். அந்த அனுபவத்துக்கு யாரும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. உடலைக் காப்பாற்றினார்கள். நல்ல சிகிச்சையாளரிடம் நான் எதிர்பார்ப்பதும் அதுதான்.

ஆகவே உங்கள் தூக்கத்துக்கு வருகிறேன். நான்கு மணி நேரம் தூங்கி மறுநாள் சோர்வாக இருக்கிறீர்களா, அல்லது சோர்வே இல்லாமல் பேச்சும் வேகமும் செலவும் கூடுகின்றனவா? இரண்டாவது என்றால், மனம் அளவுமீறிப் பரபரக்கும் மனஎழுச்சி நோயாக (மேனியா) இருக்கலாம். குடும்பத்தில் யாருக்கேனும் அது இருந்ததா என்று விசாரியுங்கள். தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் சூடும் தூக்கமின்மையும் வரும். ஒரு ரத்தப் பரிசோதனை போதும். சூடு திடீரென்று வந்து, சில நொடிகள் நினைவு தப்பினால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். கட்டளையிடும் குரல்கள் கேட்டாலோ, சாப்பிடவே தோன்றாவிட்டாலோ, சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தாலோ அன்றே மனநல மருத்துவரிடம் செல்லுங்கள். இரவு நேரமானாலும் 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் பேசலாம்.

தியானத்தைச் சில வாரங்கள் நிறுத்திவையுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள், மாலையில் நடங்கள். அந்த அனுபவம் மெய்யானது என்றால், இந்த ஓய்வால் அது கெட்டுப்போகாது.

வேறு ஆலோசகரைத் தேடுவதே நல்லது. முதல் சந்திப்பிலேயே, ‘தேவைப்பட்டால் மனநல மருத்துவரோடு சேர்ந்து என்னைக் கவனிப்பீர்களா?’ என்று கேளுங்கள். ‘இந்த அனுபவத்தை நீங்கள் எப்படிப் புரிந்துகொள்கிறீர்கள்?’ என்று உங்களிடமே திருப்பிக் கேட்பவராக அவர் இருக்க வேண்டும். தன் நம்பிக்கையை மேசையின் மேல் வைப்பவரோ, ‘சக்தி பாய்ச்சுகிறேன்’ என்று உடலைத் தொடுபவரோ வேண்டாம். உங்களுக்குச் சம்மதம் என்றால் ஒரு நாள் கணவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் சொன்ன சொல் கடுமையானதுதான். ஆனால் நான்கு மாதமாக நீங்கள் தூங்காததைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பவர் அவர்.