படிக்கிற பிள்ளைகளின் பதற்றத்துக்கு மூச்சு பயோஃபீட்பேக் உண்மையிலேயே பலன் தருமா?

"வயிற்றில் பட்டையைக் கட்டி, கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து மூச்சு விடச் சொல்கிறார்கள். பையனுக்கு ஒன்றுமில்லை என்று டாக்டரே சொல்லிவிட்ட பிறகு இதற்கு எதற்குக் காசு?" என்று கேட்டிருக்கிறீர்கள். உடம்பில் நடப்பதைத் திரையில் காட்டி, அதைப் பார்த்தே மாற்றிக்கொள்ளப் பழக்கும் இந்த பயோஃபீட்பேக் என் மகளுக்குப் பலன் தந்தது. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது உங்கள் கேள்வியில் இருக்கும் அந்த "ஒன்றுமில்லை" என்ற சொல்லுக்காக.

நீங்களும் எங்களைப் போலவே இ.சி.ஜி., தைராய்டு, ஹீமோகுளோபின் எல்லாம் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று கேட்டு, நிம்மதிப்படுவதா கவலைப்படுவதா என்று தெரியாமல் வீடு திரும்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

என் மகள் பிளஸ் டூ படித்தபோது, இரண்டாம் திருப்புதல் தேர்வுக்கு முந்தைய வாரம், கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் வந்துகொண்டிருந்தோம். பஸ் பாபநாசம் தாண்டியிருக்கும். "அம்மா, உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது" என்றாள். சில நிமிடங்களில் இரண்டு கை விரல்களும் விறைத்துக் கூம்பிக்கொண்டன. வலிப்பு என்று நினைத்து, முன் சீட்டுப் பெரியவர் சாவிக்கொத்தை அவள் கையில் திணித்தார். நான் முதுகைத் தடவியபடி "நன்றாக இழுத்து மூச்சு விடும்மா, நன்றாக இழு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவளை மேலும் மோசமாக்கியது நான் சொன்ன அந்த வார்த்தைதான் என்று தெரிய எனக்கு இரண்டு மாதம் ஆனது.

மருத்துவமனையில் "ஒன்றுமில்லை, பரீட்சை பயம்" என்றார்கள். மாமியார் சொன்னார், அண்ணன் சொன்னார், வகுப்பு ஆசிரியை சொன்னார், எல்லாருக்கும் ஒன்றுமில்லை. ஒருநாள் ராத்திரி அவள் என்னிடம், "அப்படியென்றால் நான் நடிக்கிறேன் என்கிறீர்களா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

அதன் பிறகுதான் ஓர் உளவியல் நிபுணரிடம் போனோம். வயிற்றைச் சுற்றிப் பட்டை, காது மடலில் ஒரு கிளிப். திரையில் மூச்சுக்கு நீலக் கோடு, இதயத் துடிப்புக்குச் சிவப்புக் கோடு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே என் பெண் நிமிடத்துக்கு 24 தடவை மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். வயிறு அசையவே இல்லை. தோள்தான் ஏறி இறங்கியது. சிவப்புக் கோடு ரம்பப் பல் மாதிரி இருந்தது.

அந்த அம்மா பொறுமையாக விளக்கினார். பயத்தில் வேகவேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு அளவுக்கு மீறிக் குறைந்துவிடுகிறது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கித் தலை சுற்றுகிறது. ரத்தத்தின் காரத்தன்மை கூடி உதடும் விரலும் மரத்துப்போகின்றன. காற்று போதவில்லை என்று பிள்ளைக்குத் தோன்றும். உண்மையில் காற்று அதிகமாகிவிட்டது. அந்த நேரத்தில் "இன்னும் இழு" என்பது எரிகிற அடுப்பில் விறகைத் திணிப்பது போன்றது. பெருமூச்சு வேண்டாம், கொஞ்சமாக இழுத்து மெதுவாக விடு என்று சொல்லிக்கொடுத்தார்.

மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றுக் கூடும், விடும்போது குறையும். நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு மூச்சு என்ற வேகத்தில் இந்த ஏற்ற இறக்கம் மிகப் பெரிதாகிறது. ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். மூன்றாவது தடவை போனபோது ரம்பப் பற்கள் மறைந்து, வரிசையாகக் குன்றுகள் எழுந்ததை நானும் பார்த்தேன். உடனே அந்த அம்மா, "இப்போது இயற்பியல் தேர்வு அறையை நினைத்துப் பார்" என்றார். குன்றுகள் சட்டென்று கலைந்தன. என் மகள் திரையில் விரலை வைத்து "பாரும்மா" என்றாள். அவ்வளவு நாள் அவள் சொல்லி யாரும் நம்பாதது அங்கே கோடாக ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் சில நிமிடங்களில் அதை அவளே திரும்பக் குன்றாக்கினாள். நான் கொடுத்த காசு அதற்குத்தான்.

"இதெல்லாம் நம் பிராணாயாமம்தானே" என்று சிலர் வருவார்கள். எனக்கும் அதில் மரியாதை உண்டு. லூசியானோ பெர்னார்டி என்ற இத்தாலிய மருத்துவரின் குழு, லத்தீன் ஜெபமாலை சொன்னாலும் யோக மந்திரம் சொன்னாலும் மூச்சு நிமிடத்துக்கு ஆறை ஒட்டி வருவதை 2001இல் அளந்து காட்டியிருக்கிறது. ஆனால் என் மகள் பள்ளியில் மூன்று வருடம் யோகா செய்தவள். பயந்துபோன பிள்ளைக்குத் தான் எப்படி மூச்சு விடுகிறோம் என்பதே தெரிவதில்லை. அதைக் கண்ணால் காட்ட அவளுக்கு அந்தத் திரை தேவைப்பட்டது.

இயந்திரம் மட்டும் குணமாக்கியது என்று நான் சொல்லவில்லை. 2017இல் வந்த ஒரு தொகுப்பாய்வு 24 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, இப்படி மூச்சோடு இதயத் துடிப்பையும் பார்த்துப் பழகும் பயோஃபீட்பேக்கால் பதற்றம் நன்றாகவே குறைந்தது என்றது. ஆனால் மொத்தமே 484 பேர். ஆய்வுக்குச் சராசரியாக இருபது பேர்தான். என் மகளுக்கு மூச்சோடு சேர்த்துப் பேச்சு சிகிச்சையும் நடந்தது. பஸ்ஸையே தவிர்த்துக்கொண்டிருந்தவளை முதலில் ஒரு நிறுத்தம், பிறகு மூன்று என்று ஏற்றி இறக்கினோம். அதன் பிறகும் இரண்டு தடவை வந்தது. சாவிக்கொத்து வரைக்கும் போகவில்லை.

ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. பதினொன்றாம் வகுப்பிலிருந்து அவள் பள்ளியில் விளையாட்டு பீரியட் முழுவதையும் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொண்டார். இரண்டு வருடம் அந்தப் பிள்ளைகள் மைதானத்தில் கால் வைக்கவில்லை. பெற்றோர் கூட்டத்தில் நான் கேட்டபோது, பக்கத்திலிருந்த பெற்றோர்களே என்னை உட்காரச் சொன்னார்கள். நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

உங்கள் பையன் விஷயத்துக்கு வருகிறேன். இயந்திரத்தை விலைக்கு வாங்காதீர்கள். இதில் பயிற்சி உள்ளவரிடம் சில அமர்வுகள் போதும். வீட்டில் சுவர்க் கடிகாரத்தின் வினாடி முள்ளைப் பார்த்து நான்கு வினாடி இழுத்து, ஆறு வினாடி விடலாம். பதற்றம் இல்லாத நேரத்தில் பழகவேண்டும். வந்த பிறகு கற்றுக்கொள்ள முடியாது. மூச்சைக் கவனித்தால் சிலருக்குப் பயம் கூடும். அப்படியானால் நிறுத்திவிட்டு, பயிற்சி தருபவரிடம் சொல்லுங்கள். அருகில் யாரும் இல்லையென்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, கட்டணம் இல்லை. பையனுக்கு வீசிங் இருந்தால் அதை முதலில் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். யாராவது காகிதப் பையை வாயில் வைத்து மூச்சு விடச் சொன்னால் செய்யாதீர்கள். உண்மையில் ஆஸ்துமாவாக இருந்தால் அது ஆபத்து.