பிடித்த ராக் ஆல்பத்தைப் பற்றி எழுதத் தொடங்குவது எப்படி?

கேள்வி: இருபது ஆண்டுகளாக ராக் இசை கேட்டு வருகிறேன். மனத்துக்கு நெருக்கமான ஆல்பங்களைப் பற்றி என் அனுபவமாக விமர்சனம் எழுத ஆசை. ஆனால் எழுத உட்கார்ந்தால் அது குழுவின் வரலாறாகவோ, ‘அற்புதம்’, ‘அபாரம்’ என்ற சொற்களின் அடுக்காகவோ முடிந்துவிடுகிறது. இசை இலக்கணமும் தெரியாது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நீங்கள் நினைவிலிருந்து எழுதுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். பல ஆண்டுகள் பழகிய ஆல்பத்தைக் கேட்காமலேயே எழுதிவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் நினைவில் தங்கியிருப்பது பெரும்பாலும் நம் பிரியம்தான், ஓசை எப்போதோ மங்கிப்போயிருக்கும். ஆகவே ஆல்பத்தை முதல் பாடலிலிருந்து வரிசை மாற்றாமல் ஒருமுறை கேளுங்கள். மறுமுறை கேட்கும்போது, உங்களை நிமிர்ந்து உட்காரவைத்த இடங்களின் நிமிடத்தையும் நொடியையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்புகளில் ஏதேனும் ஒன்றுதான் உங்கள் முதல் பத்தி.

பிங்க் ஃப்ளாய்ட் என்ற ஆங்கிலேய ராக் குழு 1973 மார்ச்சில் வெளியிட்ட ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ ஆல்பத்தின் ‘மனி’ பாடலை எடுத்துக்கொள்வோம். கல்லாப்பெட்டி திறக்கும் ஓசையும் நாணயங்கள் சிதறும் ஓசையும் சுழன்று சுழன்று வந்து தாளமாக, அதன் மேல் பேஸ் கிட்டார் நுழைகிறது. விரல்விட்டு எண்ணினால் ஏழு வரும். கர்நாடக இசையின் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு கேட்டுப் பழகிய காதுக்கு இந்தக் கணக்கு அந்நியமன்று. டிக் பாரியின் சாக்ஸஃபோன் அந்த ஏழிலேயே செல்ல, டேவிட் கில்மோரின் கிட்டார் சோலோ தொடங்கும் இடத்தில் தாளம் நான்குக்கு மாறுகிறது. ‘கிட்டார் அபாரம்’ என்று எழுதுவதற்குப் பதில், ‘அதுவரை ஒரு கால் தாங்கி நடந்த பாட்டு இங்கே ஓடத் தொடங்குகிறது’ என்று எழுதினால், வாசகர் உடனே அந்த இடத்தைத் தேடிக் கேட்பார். இதற்கு இலக்கணம் தேவையில்லை, எண்ணத் தெரிந்தால் போதும்.

சொந்த அனுபவத்தை எவ்வளவு சேர்ப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். இதே ஆல்பத்தை நான் முதலில் கேட்டது தொண்ணூறு நிமிடக் கேசட் ஒன்றில். ஏறத்தாழ 43 நிமிட ஆல்பம் கேசட்டின் ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டதால், ‘மனி’க்கு முந்தைய, சாவைப் பற்றிய பாடலில் பாடகி கிளேர் டோரியின் சொற்களற்ற குரல் ஓய்ந்ததுமே காசு கொட்டத் தொடங்கும். அதை நான் ஒரு குரூரமான நகைச்சுவையாகவே ரசித்து வந்தேன். பின்னாளில் நண்பர் வீட்டில் இசைத்தட்டாகக் கேட்டபோதுதான், அந்தச் சாவுப் பாடலோடு முதல் பக்கம் முடிகிறது, எழுந்து போய்த் தட்டைத் திருப்பினால்தான் பணம் வருகிறது என்பது தெரிந்தது. இந்த நினைவு விமர்சனத்தில் இடம்பெறலாம், ஏனெனில் அது ஆல்பத்தின் அமைப்பைப் பற்றியும் ஏதோ சொல்கிறது. அந்தக் கேசட்டை வாங்கிய நாளில் மழை பெய்தது என்பதற்கு அங்கே வேலையில்லை. (மழையை விடுவது எனக்கும் எளிதாக இருக்கவில்லை.)

வரலாற்றுக்கும் இதே அளவுகோல்தான். ‘டைம்’ பாடலின் தொடக்கத்தில் ஒலிக்கும் கடிகாரங்களை, ஒலிப்பொறியாளர் ஆலன் பார்சன்ஸ் பழங்காலக் கடிகாரக் கடையொன்றில் தனித்தனியாகப் பதிவுசெய்து வைத்திருந்தார் என்பதைச் சொல்லலாம். அது காதில் விழுகிற செய்தி. குழுவில் யார் எப்போது சேர்ந்தார்கள், எப்போது விலகினார்கள் என்பதெல்லாம் வேறொரு கட்டுரைக்கு உரியவை. எந்தப் பதிப்பைக் கேட்டீர்கள் என்பதை மட்டும் மறவாமல் குறிப்பிடுங்கள். ரீமாஸ்டர் செய்த, அதாவது பழைய பதிவின் ஒலியைப் பின்னர் சீரமைத்து வெளியிட்ட பதிப்பில் ஓசையின் எடை மாறியிருக்கக்கூடும். பாடல் வரிகளை ஓரிரு வரிக்கு மேல் எடுத்தாள வேண்டாம்.

முதல் விமர்சனத்துக்கு உயிருக்கு உயிரான ஆல்பத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்பது என் கருத்து. மிகவும் பிடித்திருந்தும், ஒரு பாடலை மட்டும் எப்போதும் தாண்டிச் செல்கிறீர்களே, அப்படிப்பட்ட ஆல்பம் ஒன்று உங்களிடம் இருக்கும். ஏன் தாண்டுகிறீர்கள் என்று எழுத முயலும்போது, மற்ற பாடல்களில் உங்களைப் பிடித்து நிறுத்துவது எது என்பதும் தெளிவாகும்.

எழுதியதை ஒரு வாரம் கழித்து, ஆல்பத்தை ஓடவிட்டபடி படித்துப் பாருங்கள். வேறெந்த ஆல்பத்துக்கும் அப்படியே பொருந்தக்கூடிய வாக்கியங்களை அடித்துவிடுங்கள். முதல் தடவை பாதிக்கு மேல் போய்விடும். மிஞ்சுவதிலிருந்து மீண்டும் எழுதுங்கள்.