இரண்டு படங்களுக்கு நடுவே

வணக்கம். ஆறு வருடங்களுக்கு முன் சொந்தச் செலவில் ஒரு படம் எழுதி இயக்கினேன். இரண்டு விழாக்களில் திரையிட்டார்கள், அவ்வளவுதான். அப்புறம் மூன்று திரைக்கதைகள் முடித்துவிட்டேன். படிக்கிற தயாரிப்பாளர்கள் எல்லாரும் ‘நன்றாயிருக்கிறது, பார்ப்போம்’ என்கிறார்கள். இப்போது பிறர் படங்களுக்கு எடிட்டிங் செய்து பிழைக்கிறேன். என்னை இன்னும் இயக்குநர் என்று சொல்லிக்கொள்ளலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள தோழிக்கு,

தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.

அமெரிக்க இயக்குநர் கெல்லி ரைக்கார்டின் முதல் முழுநீளப் படம் 1994இல் சன்டான்ஸ் திரைப்பட விழாவுக்குப் போனது. அடுத்த முழுநீளப் படம் வந்தது 2006இல். நடுவே பன்னிரண்டு வருடம். அதற்குள் சூப்பர் 8 என்கிற சின்ன பிலிம் கேமராவில் ஐம்பது நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு படம், சில குறும்படங்கள் என்று கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டிருந்தார். பெயர் வந்த பிறகும் கல்லூரியில் பாடம் நடத்துவதை விடவில்லை. தன் படங்களைத் தானே எடிட் செய்கிறார். நீங்கள் கொஞ்சம் கூச்சத்தோடு எழுதியிருக்கிற அதே வேலை!

எனக்கு அதிகம் பிடித்த உதாரணம் பிரெஞ்சு இயக்குநர் ஆனியஸ் வார்தா. 1954இல் முதல் படத்துக்காகச் சொந்தமாக ஒரு சிறு நிறுவனம் தொடங்கினார், கடைசிவரை அதை விடவில்லை. எழுபதுகளில் மகன் கைக்குழந்தை, வெளியூர்ப் படப்பிடிப்புக்குப் போக வழியில்லை. சரி என்று பாரிஸில் தான் குடியிருந்த தெருவையே படமாக்கினார். தெருக் கடைக்காரர்களிடம் மின்சாரம் கேட்க மனமில்லை. தன் வீட்டிலிருந்தே எண்பது, தொண்ணூறு மீட்டர் கேபிள் இழுத்தார். அது எட்டிய தூரம்வரைதான் படம். ரொட்டிக்கடை, இறைச்சிக்கடை, வாசனைத் திரவியம் விற்கும் வயதான தம்பதி. கேபிள் எட்டாத கடைக்காரர் படத்தில் இல்லை, பாவம்.

பொறுத்திருந்தால் எல்லாம் நடக்கும் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்க நடிகை பார்பரா லோடன் தானே எழுதி, இயக்கி, நடித்த ஒரு படத்துக்கு 1970இல் வெனிஸ் திரைப்பட விழாவில் விருது கிடைத்தது. இரண்டாவது முழுநீளப் படம் எடுக்காமலேயே 1980இல் இறந்தார், 48 வயதில். அவரிடம் திறமை குறைவு என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். பணம் வைத்திருப்பவர்கள் பெண் இயக்குநரை நம்புவதற்கு எடுத்துக்கொள்ளும் காலம் ஒரு ஆயுளைவிட நீளமாகிவிடுகிறது, சில சமயம். அதனால்தான் இந்தக் காத்திருப்பை ‘தவம்’ என்றெல்லாம் புகழ்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது.

உங்கள் மூன்று திரைக்கதைகளையும் மறுபடி எடுத்துப் பாருங்கள். எது உங்கள் வீட்டு பிளக்கிலிருந்து எட்டும்? நான்கைந்து பேர் நடித்தால் போதும், நடந்துபோகிற தூரத்தில் இடம், உங்கள் கையிலேயே எடிட்டிங் என்று ஒன்று அதில் இருக்கக்கூடும். இரவுக் காட்சிகள் குறைவாக இருந்தால் இன்னும் நல்லது, விளக்கு வாடகை மிச்சம். மற்ற இரண்டையும் தயாரிப்பாளர்கள் பார்த்துக்கொண்டே இருக்கட்டும்.