காட்டுப்பன்றியில் ஹெபடைடிஸ் ஈ: ஆன்டிபாடி பாசிட்டிவ், பிசிஆர் நெகட்டிவ்

காட்டுப்பன்றிகளின் ரத்தத்தில் ஹெபடைடிஸ் ஈ (ஈரலைத் தாக்கும் வைரஸ்) ஆன்டிபாடி இருந்தும், ஈரல்கள் எல்லாமே பிசிஆரில் (வைரஸின் மரபணுப் பொருளைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் சோதனை) நெகட்டிவ் வருகிறதே, இது முரணா என்று கேட்டிருக்கிறீர்கள். ரத்தத்தில் ஆன்டிபாடி (வைரஸை எதிர்த்து உடல் உருவாக்கும் புரதம்) இருந்து ஈரலில் ஆர்என்ஏ (அந்த வைரஸின் மரபணுப் பொருள்) இல்லாமல் போவது முரண் இல்லை. தொற்று எப்போதோ வந்துபோயிருந்தாலும் ஆன்டிபாடி நிற்கும். ஆர்என்ஏ கிடைக்க வைரஸ் இப்போது அங்கே இருக்க வேண்டும். இளம் பன்றிகளில்தான் அது அதிகம் சிக்கும், அதனால் வயதையும் குறித்துவையுங்கள்.

ஆனால் எல்லா ஈரலுமே நெகட்டிவ் என்கிறீர்களே, அதுதான் உறுத்துகிறது. ஈரலில் உள்ள சில பொருள்கள் பிசிஆரையே தடுத்துவிடும்.

1. பிரித்தெடுத்த ஆர்என்ஏவைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து பிசிஆரை மறுபடி ஓட்டிப் பாருங்கள்; தடுக்கும் பொருள்களும் நீர்த்துவிடும்.

2. அப்புறம், ஈரலை அரைக்கும்போதே மெங்கோவைரஸ் என்ற வேறொரு வைரஸைக் கட்டுப்பாடாக (சோதனை சரியாக நடந்ததா என்று காட்ட) சேருங்கள். பிசிஆரில் அதுவும் தெரியாவிட்டால் அந்த நெகட்டிவை நம்பவே கூடாது.

பாசிட்டிவ் வந்தாலும் அந்த வைரஸ் தொற்றும் நிலையில் இருக்கிறது என்று பிசிஆர் சொல்லாது. நெகட்டிவ் வந்த ஈரலையும் அரைவேக்காட்டில் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.