வாழ்வார்க்கு உரையா, வாழ்வார்க் குரையா?

கேள்வி: பிரிவாற்றாமை அதிகாரத்தின் முதல் குறளை (1151) அசை, சீர் பிரித்து அலகிட்டுப் பார்த்தேன். ‘வாழ்வார்க்கு உரை’ என்ற இடத்தில் தளை (ஒரு சீர் அடுத்த சீரோடு இணையும் முறை) தட்டுகிறது. குறளில் அப்படி வருமா? எதுகை, மோனை, மெய்ப்பாடு (பாட்டில் வெளிப்படும் உணர்ச்சி) பற்றி என்ன எழுதலாம்?

பதில்: தட்டாது. உங்கள் கையில் இருப்பது படிப்பதற்காகச் சொல் பிரித்து அச்சிட்ட பாடம். அலகிடச் சீர் பிரித்த பாடம் வேண்டும்:

செல்லாமை உண்டேல் எனக்குரை மற்றுநின்
வல்வரவு வாழ்வார்க் குரை.

(பிரியப்போகும் தலைவனிடம்: நீ போகவில்லை என்றால் எனக்குச் சொல்; போய் விரைந்து திரும்புவதை அப்போது உயிர்வாழ்பவர்களுக்குச் சொல்.)

நேர், நிரை என்பவை அசை வகைகள்; தேமா, தேமாங்காய் போன்றவை சீர்களின் வாய்பாட்டுப் பெயர்கள். ‘வாழ்வார்க்கு’ என்று நிறுத்தினால் நேர் நேர் நேர், தேமாங்காய். அடுத்துள்ள ‘உரை’ நிரை. காய் முன் நிரை வந்தால் கலித்தளை. குறள் வெண்பா வகை; வெண்பா அதை ஏற்காது. புணர்ந்த வடிவில் ‘வாழ்வார்க்’ தேமா, ‘குரை’ மலர். மா முன் நிரை, இயற்சீர் வெண்டளை. ‘எனக்கு உரை’ என்று பிரித்தாலோ முதலடியில் ஐந்து சீர் வந்துவிடும்.

முழு வாய்பாடு: தேமாங்காய், தேமா, கருவிளம், கூவிளம், கூவிளங்காய், தேமா, மலர்.

செல், வல் என அடியெதுகை. மோனையில் சற்று நில்லுங்கள். முதலடியில் மோனையே இல்லை, பேச்சுப்போல் போகிறது. இரண்டாம் அடியில் வல்வரவு, வாழ்வார் என்று முதலிரு சீர்களில் இணைமோனை. தலைவன் விரைந்து திரும்பும் நாளில் தலைவி வாழ்வாருள் ஒருத்தியாக இருக்கமாட்டாள். பொருளில் சேராத அந்த இரண்டையும் ஓசை சேர்த்துவைக்கிறது. எனக்கு இந்தக் குறளின் உயிரே இங்கேதான் இருக்கிறது. விடைத்தாளில் ‘வ, வா மோனை’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள்.

‘உரை’ இரண்டு முறை வருகிறது. முதலில் ‘போகவில்லை என்றால் என்னிடம் சொல்’ என்ற கெஞ்சல். அதே சொல் ஈற்றில் ஓரசைச் சீரில் வந்து பேச்சை அறுத்துவிடுகிறது.

மெய்ப்பாடு அழுகை என்பேன். தொல்காப்பியர் அழுகைக்குச் சொன்ன நான்கு நிலைக்களன்களில் (உணர்ச்சி பிறக்கும் காரணங்களில்) ‘இழவு’, அதாவது இழப்பு, இதற்குப் பொருந்தும். ஆனால் பாட்டில் கண்ணீர் இல்லை, சாவு என்ற சொல்லும் இல்லை. ‘வாழ்வார்’ என்ற ஒரு சொல்லே அவள் இருக்கமாட்டாள் என்று சொல்லிவிடுகிறது.

கூற்று யாருடையது, அதாவது பாட்டில் பேசுவது யார் என்பதையும் குறிப்பிடுங்கள். பரிமேலழகர் இதைத் தோழி கூற்றாகக் கொள்கிறார். அப்படிக் கொண்டால், தலைவியின் உயிருக்காகத் தோழி ‘எனக்கு’ என்று தன்னையே முன்னிறுத்திப் பேசுகிறாள். தலைவி கூற்றாகப் படித்தால் அதே சொல்லில் ஊடலின் சூடு ஏறும்.